வெட்டின்மேல் நீலம்

டமார்!

ஸ்கூட்டர் ஒரு துள்ளு துள்ளி, மண் ரோட்டில் சாய்ந்தது. ஓட்டி வந்த காவியா ஒற்றைக்காலை ஊன்றிச் சமாளித்துவிட்டாள். பின்னால் உட்கார்ந்திருந்த குப்புராஜ் பக்கத்துப் பள்ளத்தில் இருந்தார்.

“மேடம், உசுரு இருக்குதா?”

“இருக்குங்கணா. உங்களுக்கு?”

“எனக்கும் இருக்குது. செருப்பு ஒண்ணுதான் இறங்குற இடம் வர்றதுக்கு முன்னாடியே இறங்கிடுச்சு.”

குப்புராஜ் பாலக்கோடு ரூட்டில் அரசு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார முடியாமல், தர்மபுரி பஸ் நிலையத்துக்கு எதிரே பேக்கரி மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் காவியாவிடம் உதவியாளராகச் சேர்ந்தவர். அவளுக்கு அவர் வயதில் பாதி. அவர் பேச்சில் பாதிகூட அவள் பேசமாட்டாள்.

திராட்சைப் பந்தலுக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை சுருண்டு வந்தது. புகைக்குப் பின்னால் ஒரு பருத்த ஆள். கையில் நீளமான பிளாஸ்டிக் குழாய். பழம் கறுக்கும் பருவத்தில் கிளிகளை விரட்ட, கார்பைடு போட்டு வெடிக்கிற குழாய்.

“கிளி விரட்டுறோம்” என்றார் அவர்.

“கிளி மேல இருக்கும். நீங்க குழாயை ரோட்டுப் பக்கம் பிடிச்சிருந்தீங்க” என்றாள் காவியா.

“வெளியூர்க் கிளி ரோட்டு வழியாத்தான் வரும்.”

குப்புராஜ் பள்ளத்திலிருந்து ஏறி வந்தார். “மேடத்தை வேணா கிளின்னு வெச்சுக்கலாம். என்னைப் பாத்து அப்படிச் சொன்ன மொத ஆளு நீங்கதாங்க. ரொம்ப சந்தோஷம்.”

அந்த ஆள் சிரிக்கவில்லை. “நான் மாது. இந்த ஊர்ல நல்லது கெட்டது எல்லாம் என்னைக் கேட்டுத்தான் நடக்கும். அந்த மலைக்காரன் பொண்டாட்டிதானே உங்களைக் கூப்பிட்டது? சாயங்காலம் சப்-இன்ஸ்பெக்டர் வருவாரு. பொன்னனை ஜீப்ல ஏத்துவாரு. அத்தோட முடிஞ்சுது. வந்த வழியே வண்டியைத் திருப்புங்க.”

“சாயங்காலம்வரைக்கும் நேரம் இருக்குதுல்ல?” என்று காவியா ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

பந்தக்கொட்டாய் பாலக்கோட்டுக்கு வடக்கே இருக்கும் சின்ன ஊர். வீடுகளைவிடத் திராட்சைப் பந்தல்கள் அதிகம். வீட்டு வாசலில் இறங்கினாலே தலையில் குலை இடிக்கும். அன்றைக்கு அந்த வாசல்களில் நின்றவர்கள் எல்லாரும் ஸ்கூட்டரைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். டீக்கடைக்காரர் மட்டும் உள்ளே போகவில்லை. கொதித்துக்கொண்டிருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு “டீ இல்லை” என்றார்.

பால் சொசைட்டி அறையின் ஜன்னலோரம் ஒரு பெண் நின்றிருந்தாள். சென்னம்மாள். வத்தல்மலையிலிருந்து புருஷனோடு இங்கே தோட்ட வேலைக்கு வந்தவள்.

“உள்ளே பூட்டி வெச்சிருக்காங்க. பச்சைத் தண்ணிகூடக் கொடுக்க விடல” என்றாள். “எங்க வூட்டுச் சாமானை எல்லாம் வெளியில போட்டுட்டாங்க. ஜீப்பு ஏறிட்டா அப்புறம் எந்த ஊர்லயும் எங்களை வேலைக்குச் சேக்க மாட்டாங்க மேடம். திருட்டுன்னாகூட ஒரு நாளைக்கு மறந்துடுவாங்க. காய்க்கிற கொடியை வெட்டினவன்னு பேரு வந்தா யாரு மறப்பாங்க?”

ஜன்னல் கம்பிக்குள் பொன்னனின் முகம் தெரிந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகம் இருந்த முகம்.

“தோட்டத்துல கிடந்த கொடுவாள் உங்களுதா?” என்றாள் காவியா.

“என்னுதுதான்.”

“எப்படி அங்க போச்சு?”

“எப்பவும் மோட்டார் ரூம் சுவத்துலதான் தொங்கும். யாரு வேணா எடுக்கலாம். நான் வெட்டியிருந்தா கொடுவாளை அங்கேயே போட்டுட்டு, நூறு அடி தள்ளி வந்து குறட்டை விட்டுத் தூங்குவேனா? மலைக்காரன்னா அவ்வளவு மடையனா?”

“ஓனர்கிட்ட சண்டை போட்டீங்களாமே?”

“திருவிழாவுக்கு மலைக்குப் போக லீவு கேட்டேன். தரமாட்டேன்னாரு. நாலு வார்த்தை சொன்னேன். நாலும் நல்ல வார்த்தை இல்ல. அதுக்காகக் கொடியை ஏன் வெட்டணும்? அதுவா லீவு தரமாட்டேன்னுச்சு?”

குப்புராஜ் தலையாட்டினார். “நியாயமான கேள்வி. முப்பது வருஷ சர்வீஸ்ல எனக்கும் லீவு தரமாட்டேன்னாங்க. நான் ஒரு நாளும் பஸ்ஸை வெட்டல.”

வெட்டப்பட்ட தோட்டம் ஊரின் தெற்குக் கோடியில் இருந்தது. ஓர் ஏக்கர். நேற்று ராத்திரி ஒரு கொடி மிச்சமில்லாமல் வெட்டிவிட்டார்கள். பந்தல்மேல் இலைகள் வதங்கித் தொங்கின. பழுக்க ஆரம்பித்த குலைகள் வெயிலில் சுருங்கின. உள்ளே நுழைந்தால் புளித்த வாசனை.

தோட்டத்தின் சொந்தக்காரர் சந்திரமோகன் வரப்பில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது. தெற்கு பிரான்சில் ஒரு சின்ன ஒயின் கிராமத்தில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, அங்கிருந்து ரகம் கொண்டுவந்து நட்டவர். இது முதல் அறுவடை. பழம் நன்றாக வந்தால் ஒயின் கம்பெனி இங்கேயே ஆலை வைக்கும் என்று பேச்சு.

“ஒயின் ஆலைக்கு ஊர் என்ன சொல்லுச்சு?” என்று கேட்டாள் காவியா.

“என்ன சொல்லும்? வேணாம்னு மாது மொத ஆளாக் குதிச்சாரு. ஊரே காறித் துப்புச்சு” என்றார் அவர். “அங்கேயும் அப்படித்தாங்க. மொத மூணு வருஷம் என்கூட ஒருத்தன் பேசல. ரொட்டிக் கடையில நான் வரிசையில நின்னா, என்னைத் தாண்டி அடுத்த ஆளுக்குத் தருவாங்க. ஒரு வருஷம் பனியில கொடி கருகாம இருக்க ராவும் பகலும் பக்கத்துல தீமூட்டி உக்காந்தேன். அதுக்கப்புறம்தான் ‘வா’ன்னாங்க. சொந்த ஊர்ல அதுகூட வேணாம்னு நினைச்சேன்.”

“கண்ணு, மொதல்ல மோரைக் குடிங்க. வெயில்ல வந்திருக்கீங்க.”

சொம்போடு வந்து நின்றவள் கோவிந்தம்மாள். சந்திரமோகனின் அக்கா. தம்பி வெளிநாட்டில் இருந்த காலமெல்லாம் குடும்பத் தோட்டத்தைத் தனியாகக் கட்டி ஆண்டவள். புருஷன் குடியால் போய்ச் சேர்ந்தவன். அந்த ஊரில் அவர்களைப் பார்த்துச் சிரித்த முதல் முகம் அதுதான்.

“ஊர்க்காரங்க பேசுறதை மனசுல வெச்சுக்காதீங்க” என்றாள். “கொடி போன வயித்தெரிச்சல். அந்தப் பொன்னனும் கெட்டவன் இல்ல கண்ணு. ஏதோ கோவத்துல செஞ்சுட்டான். அடிக்காம கொள்ளாம சட்டப்படி கூட்டிட்டுப் போகட்டும்னுதான் நான் சொன்னேன்.”

குப்புராஜ் இரண்டாவது தடவையும் மோர் வாங்கிக் குடித்தார். “ஆத்தா, இந்த ஊருக்கு ஒரு ஸ்டாப்பிங் வைக்கலாம்னா அது உங்க வூட்டு வாசல்லதான்.”

காவியா வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனாள். எல்லாக் கொடியும் முழங்கால் உயரத்தில் ஒரே வீச்சில் வெட்டுப்பட்டிருந்தது. எல்லா வெட்டும் காய்ந்து பழுப்பேறியிருந்தது. மூலைக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்த கடைசிக் கொடியிடம் வந்ததும் நின்றாள்.

அந்தக் கொடி மற்றதைவிட இரண்டு மடங்கு பருமன். அதன் வெட்டு பழுப்பாக இல்லை. நீலமாக இருந்தது. வானநீலத்தில் கெட்டியாக ஏதோ பூசியிருந்தது. விரலால் தொட்டாள். ஈரம் இன்னும் முழுதாகக் காயவில்லை.

“இது என்ன?”

சந்திரமோகன் எழுந்து வந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. “போர்டோ பசை. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலக்கிறது. கொடியைக் கவாத்து பண்ணினா, வெட்டின இடத்துல பூஞ்சாணம் ஏறாம இருக்கப் பூசுவோம். பிரான்சுல இருந்து வந்த மருந்து. அந்த ஊர்லயும் இதேதான், இந்த ஊர்லயும் இதேதான்.”

“இப்ப யாராவது கவாத்து பண்றாங்களா?”

“பழம் தொங்கும்போது யாரு பண்ணுவா? கவாத்துக்கு இன்னும் நாள் கிடக்கு. இப்ப எந்த வூட்லயும் துத்தம் கலக்கவே மாட்டாங்க. பழத்துல நீலம் பட்டா வியாபாரி தொடமாட்டான்.”

“அப்ப இதைப் பூசினது ராத்திரி வெட்டின ஆள்.”

“கொலை பண்ணிட்டுக் கட்டும் போட்டுட்டுப் போயிருக்கான். நல்ல மனுஷன்” என்றார் குப்புராஜ்.

“இந்த ஒண்ணுக்கு மட்டும் ஏன்?” என்றாள் காவியா.

“இது பிரான்சு ரகம் இல்லீங்க. பழைய பன்னீர்த் திராட்சை. எங்கப்பா நட்டது. எடுக்க மனசு வராம மூலையில விட்டு வெச்சோம்.”

காவியா நிமிர்ந்தாள். “இருட்டுல கை வேகமா போயிருக்கு. கடைசியில வெட்டினப்புறம்தான் பருமனைத் தொட்டுப் பாத்துத் தப்பு தெரிஞ்சிருக்கு. மத்த கொடி செத்தாப் பரவாயில்ல. இது சாகக் கூடாது. போய்க் கலக்கிட்டு வந்து பூசியிருக்காங்க. துத்தம் எங்க கிடைக்கும்?”

“பாலக்கோட்டுலதான்.”

திரும்பி வந்தபோது ஸ்கூட்டரின் இரண்டு சக்கரத்திலும் காற்று இல்லை. கோவிந்தம்மாள்தான் வீட்டிலிருந்து பம்பு கொண்டுவந்து கொடுத்தாள். குப்புராஜ் காற்று அடித்தார். ஊரே ஜன்னல் இடுக்கில் நின்று வேடிக்கை பார்த்தது.

பாலக்கோட்டு உரக்கடைக்காரர் காவியாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “யாரு என்ன வாங்கினாங்கன்னு எல்லாம் சொல்ல முடியாதுங்க. எனக்கு வியாபாரம் முக்கியம். பந்தக்கொட்டாய் முழுக்க என் வாடிக்கை.”

குப்புராஜ் கல்லாவுக்கு அருகில் போய் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். “தம்பி, நீ காலேஜ் போனப்ப ஒன்பது மணி பஸ்ல வருவியே? பின்படிக்கட்டுல தொங்கிட்டு?”

கடைக்காரர் நெளிந்தார்.

“தொங்கிட்டு வந்து, முன்சீட்டுல உக்காந்த ஒரு புள்ளைக்கும் சேத்து டிக்கெட் வாங்குவே. அந்தப் புள்ள கம்பைநல்லூருக்குக் கட்டிக்கிட்டுப் போயிருச்சு. இப்ப உள்ள ரூம்ல உக்காந்து டிவி பாக்குறது வேற புள்ளன்னு நினைக்கிறேன்...”

“மெதுவாப் பேசுங்கணா!”

“யாரு துத்தம் வாங்கினது?”

“மாது” என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். “முந்தாநாள் வந்தாரு. இந்த மாசத்துல துத்தம் வாங்கினது அவரு ஒருத்தர்தான்.”

வெளியே வந்ததும் குப்புராஜ் துண்டை உதறித் தோளில் போட்டார். “முடிஞ்சுது மேடம். கிளி விரட்டினவரே கிளி. ஒயின் ஆலை வரக்கூடாதுன்னு மொத ஆளாக் குதிச்சவரும் அவருதான். போய் அமுக்கிடலாமா?”

“அமுக்கலாம்” என்றாள் காவியா. அவள் குரலில் அவருடைய உற்சாகம் இல்லை.

மாது மாட்டுக் கொட்டகையில் இருந்தார். அவர்களைப் பார்த்ததும் சாணி அள்ளும் மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“துத்தம் எதுக்கு வாங்கினீங்க?” நேராகவே கேட்டாள் காவியா.

“ஏம்மா, என் வூட்டுக்குள்ள வந்து என்னையே கேக்குறியா? குனிஞ்சு பாரு!”

குனிந்தார்கள். கட்டியிருந்த இரண்டு பசுக்களுக்கும் நான்கு கால்களும் கணுக்கால்வரை நீலமாக இருந்தன.

“குளம்புப் புண்ணு. துத்தத் தண்ணியில நிறுத்தினேன். கால்நடை டாக்டர் சொன்னது. போதுமா?”

குப்புராஜ் மாடுகளுக்கு ஒரு கும்பிடு போட்டார். “சாட்சிங்க ரெண்டும் பொய் சொல்ற மாதிரி தெரியல மேடம்.”

“மிச்சத் துத்தம்?” என்றாள் காவியா.

“அதோ, பையில தொங்குது. கதவு இல்லாத கொட்டகை. யாரு வேணா எடுப்பாங்க, யாரு வேணா வைப்பாங்க. இங்க திருட்டு கிடையாது. நேத்து சாயங்காலம் முடிச்சு என் கட்டு. காலையில வேற கட்டு. அதுக்கென்ன இப்ப?”

காவியா முடிச்சைப் பார்த்தாள். பைக்குள் துத்தத்தில் ஒரு கை அள்ளிய பள்ளம் இருந்தது. ஊர் முழுக்க வந்து போகிற கொட்டகை. சுண்ணாம்பு எல்லார் வீட்டிலும் இருக்கும். பிடித்த நூல் கையிலேயே அறுந்துவிட்டது.

“ஒரே ஒரு கேள்வி. பசை சரியா கலந்திருக்குதான்னு எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?”

மாது அவளைக் கேவலமாகப் பார்த்தார். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அந்த ஊர்க்காரரால் முடியவில்லை. “அரிவாளை முக்கி எடுக்கணும். இரும்புல செம்பு மாதிரி செவப்பா படிஞ்சா சுண்ணாம்பு பத்தலைன்னு அர்த்தம். அதைப் பூசினா கொடி வெந்துபோகும். இன்னும் சுண்ணாம்பு போட்டு, திரும்ப முக்கணும். படியாம இருந்தாத்தான் பூசலாம். எங்க ஊர்ல பால்குடி மறந்த புள்ளைக்குக்கூட இது தெரியும். எவனாவது எங்க பசையைக் குறை சொன்னான்னா, அவன் பல்லு அவன் வாயில இருக்காது.”

“அவ்வளவு ரோசமா?”

“பெத்தவளைத் திட்டினாக்கூடப் பொறுத்துக்குவோம்.”

காவியா முதல் தடவையாகச் சிரித்தாள். மாதுவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. “என்ன சிரிப்பு? ஒயின் ஆலை வேணாம்னு சொன்னது நான் மட்டும் இல்லம்மா. கல்யாண வூட்டுக்குக்கூட இங்க பாதிப் பேரு குடிச்சுட்டுத்தான் வர்றான். பொம்பளைங்க எத்தனை பேரு தாலி இழந்திருக்காங்கன்னு கேட்டுப் பாரு. அதுக்காக ராத்திரியில போய்க் காய்ப்பு மரத்தையும் கொடியையும் வெட்டுற புத்தி எங்களுக்கு இல்ல. அது மலைக்காரன் வேலை.”

தூரத்தில் ஜீப் ஹாரன் கேட்டது.

பால் சொசைட்டி வாசலில் ஊரே கூடியிருந்தது. சாத்தியிருந்த கதவுகள் எல்லாம் இப்போது திறந்திருந்தன. ஜீப்பிலிருந்து இறங்கிய சப்-இன்ஸ்பெக்டர் சாவியைக் கேட்டார். பூட்டு திறந்தது. பொன்னனை இரண்டு பேர் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். ஒருவன் பிடரியில் அடித்தான். சென்னம்மாள் ஜீப்பின் பின்கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

“நகருடி!” என்றது ஒரு குரல். “அவளையும் சேத்து ஏத்துங்க!” என்றது இன்னொன்று.

சந்திரமோகன் கூட்டத்தின் ஓரத்தில் தலைகுனிந்து நின்றார். கோவிந்தம்மாள் சென்னம்மாளின் தோளைத் தொட்டு, “வழியை விடு கண்ணு. இன்னும் கேவலமாப் போயிடும்” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“மேடம்” என்றார் குப்புராஜ் காதோரம். “கடைசி ஸ்டாப்பிங் வந்துடுச்சு. இறங்கணும்னா இப்பவே விசில் அடிங்க.”

காவியா ஜீப்பின் முன்னால் போய் நின்றாள். “சார், கொண்டுபோங்க. நான் தடுக்க வரல.”

கூட்டம் கொஞ்சம் அடங்கியது. சென்னம்மாள் நம்பமுடியாமல் அவளைப் பார்த்தாள்.

“வெட்டினது பொன்னன்தான்னு நானும் ஒத்துக்கிறேன்” என்று காவியா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். “மூலைக்கல்லுப் பக்கம் இருக்கிற பழைய பன்னீர்க் கொடியையும் வெட்டிட்டு, அதுக்கு மட்டும் நீலப் பசை பூசியிருக்காங்க. யாரு வேணா போய்ப் பாத்துக்கலாம். பூசினது இந்த ஊர்க்காரங்களா இருக்கவே முடியாது. ஏன்னா, பூசின ஆளுக்குக் கலக்கவே தெரியல.”

“என்னம்மா சொல்ற?” என்றார் மாது.

“சுண்ணாம்பே பத்தல. வெறும் துத்தத்தை அள்ளி அப்பி வெச்சிருக்கு. அடிக்கட்டை இப்பவே வேக ஆரம்பிச்சிடுச்சு. நாளைக்குள்ள வேருக்கு இறங்கிடும். சந்திரமோகன் அப்பா நட்ட அந்தக் கொடி இனிமே பொழைக்காது.”

சந்திரமோகன் நிமிர்ந்தார். மாது பல்லைக் கடித்தார். சப்-இன்ஸ்பெக்டர் ஒன்றும் புரியாமல் தொப்பியைக் கழற்றினார். குப்புராஜ் மட்டும் கூட்டத்தைப் பார்க்கவில்லை. காவியா பார்த்த திசையைப் பார்த்தார்.

“நல்லா கலக்கத் தெரிஞ்ச கையா இருந்தா அந்தக் கொடி தப்பிச்சிருக்கும்” என்றாள் காவியா, இன்னும் கொஞ்சம் சத்தமாக. “ஏதோ அரைகுறை. அரிவாளை முக்கிக்கூடப் பாக்கல. அப்படிப்பட்ட கையால அது செத்துப்போச்சு.”

சென்னம்மாளின் தோளிலிருந்து ஒரு கை விலகியது. காலையிலிருந்து ‘கண்ணு, கண்ணு’ என்று மோர் ஊற்றிய கோவிந்தம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“யாருடி சொன்னா சுண்ணாம்பு பத்தலைன்னு? ரெண்டு தடவை அரிவாளை முக்கிப் பாத்துட்டுத்தான்டி எங்கப்பன் கொடிக்குப் பூசினேன்!”